ஞானஸ்நானம் எடுத்த பிறகும் நான் அதே ஆள்தானே?

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்துவிட்டு இரண்டு நாள் அப்படியே வைத்திருந்தேன். அவசரத்தில் பதில் சொல்லக்கூடிய கேள்வி இல்லை அது. மற்றவர்களுக்கும் விளங்கட்டும் என்று முதலில் சுருக்கமாகத் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். சங்கரன்கோவில் பக்கத்துக் கிராமம் உங்களுக்கு. வீட்டில் யாரும் கிறிஸ்தவர் இல்லை. பாளையங்கோட்டைக்கு வேலைக்கு வந்த இடத்தில் விசுவாசத்துக்கு வந்து, போன வருஷம் ஈஸ்டருக்கு ஞானஸ்நானம் எடுத்தீர்கள். "நீ இப்போ புதுச்சிருஷ்டி" என்று எல்லாரும் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். ஆனால் ஒரு வருஷம் கழித்தும் அதே முன்கோபம், அதே பயம், ராத்திரி தூக்கம் வராமல் புரளும் அதே ஆள். பெயரில் குலசாமி பெயர் இருக்கிறது, மாற்று என்று ஒருவர் நச்சரிக்கிறார். சபையில் புதிதாகப் பார்க்கிறவர்கள் "சொந்த ஊர் எது, யாரு வீடு?" என்று கேட்கிறார்கள், அந்தக் கேள்விக்குள் என்ன கேள்வி இருக்கிறது என்று நம் ஊரில் பிறந்த எவருக்கும் விளக்க வேண்டாம். ஊருக்குப் போனால் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு, "ஏல, நீ இப்ப யாரு பிள்ளை?" என்கிறார்.

நான் குருவானவர் இல்லை. ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார். தாத்தா உபதேசியாராக, அதாவது சபையில் வேதம் சொல்லிக்கொடுக்கிறவராக இருந்தவர், அதனால் இந்தப் பேச்செல்லாம் எனக்கு வீட்டுச் சாப்பாடு மாதிரி. ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து, கேள்வி கேட்கிற வாலிபர்களிடம் மாட்டி முழித்து, அப்படிக் கற்றுக்கொண்டதுதான் மிச்சமும். அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

எல்லாரும் உங்களிடம் சொன்ன வசனம் 2 கொரிந்தியர் 5:17. "இப்படியிருக்க, ஒருவன் கிறிஸ்துவுக்குள்ளிருந்தால் புதுச்சிருஷ்டியாயிருக்கிறான், பழையவைகள் ஒழிந்துபோயின, எல்லாம் புதிதாயின." நம் பக்கத்து வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர் வீடுகளில் காலண்டரில் இருக்கும், சுவரில் இருக்கும், ஆட்டோ முதுகில்கூட இருக்கும். பார்த்துப் பார்த்துப் பழகியதாலேயே அதை நாம் சரியாகப் படிப்பதில்லை. கிரேக்க மூலத்தில் அந்த முதல் பகுதிக்கு வினைச்சொல்லே கிடையாது. "ஒருவன் கிறிஸ்துவுக்குள் என்றால், புதுப் படைப்பு!" என்று ஒரு கூப்பாடு மாதிரி இருக்கிறது. புதிய வானத்தையும் புதிய பூமியையும் படைப்பேன் என்று கடவுள் சொன்னதாக ஏசாயா 65இல் வருகிறதே, இந்தக் கடிதத்தை எழுதிய பவுலுக்குப் பின்னால் அதுதான் ஒலிக்கிறது. வரப்போகிறது என்று சொல்லப்பட்ட அந்தப் புது உலகம் இதோ இந்த ஆளிடத்தில் தொடங்கிவிட்டது என்கிறார். உங்களுடைய சுபாவத்துக்கு அவர் நன்னடத்தைச் சான்றிதழ் எழுதிக் கொடுக்கவில்லை.

வாத்தியார் புத்தி போகாது, ஒரு இலக்கணம் சொல்கிறேன். அந்த வசனத்தில் கனம் முழுக்க "உள்" என்ற சின்னச் சொல்லில் இருக்கிறது. நன்னூல் ஏழாம் வேற்றுமைக்கு அடுக்கும் உருபுகளில் அதுவும் ஒன்று. ஏழாம் வேற்றுமைக்குப் பொருள் இடம். ஆள் நல்லவனா கெட்டவனா, கோபக்காரனா சாதுவா என்பதை ஒரு வேற்றுமை உருபு சொல்லாது. எங்கே இருக்கிறான் என்பதை மட்டும் சொல்லும். பவுல் தன் கடிதங்கள் முழுக்க "கிறிஸ்துவுக்குள், கிறிஸ்துவுக்குள்" என்று சலிக்காமல் எழுதுகிறார். உங்கள் அம்மா கேட்ட "யாரு பிள்ளை?" ஆறாம் வேற்றுமைக் கேள்வி, உடைமை பற்றியது, உறவு பற்றியது. என்னைக் கேட்டால், புது அடையாளம் என்பதே இந்த இரண்டு வேற்றுமைக்குள் அடங்கிவிடுகிறது: நீங்கள் யாருடையவர், எங்கே இருக்கிறவர். எப்படிப்பட்டவர் என்பது பின்னால் வரும், மெதுவாக வரும், சிலருக்கு ரொம்பவே மெதுவாக வரும்.

திசையன்விளை பக்கம் இரண்டு ஏக்கர் நிலம் வாங்குகிறீர்கள் என்று வையுங்கள். சார்பதிவாளர் ஆபீஸில் கையெழுத்து, கைரேகை, போட்டோ எல்லாம் ஆகி மத்தியானத்துக்குள் கிரயம் முடிந்துவிடும். காலையில் வேறொருவருடையதாக இருந்த நிலம் சாயந்திரம் உங்களுடையது. சரி, போய்ப் பார்த்தால் என்ன நிற்கும்? காலையில் நின்ற அதே சீமை உடைதான், சீமைக் கருவேல முள். ஒரு முள்கூடக் குறைந்திருக்காது. பத்திரம் பொய் என்று யாராவது சொல்வார்களா? இனிமேல்தான் ஆள் விட்டு வெட்ட வேண்டும், வெட்டினால் மட்டும் போதாது, மூட்டோடு தோண்டாவிட்டால் அடுத்த மழைக்குப் பொதபொதவென்று துளிர்த்துவிடும், நம் ஊரில் உடை வெட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆனால் ஒன்று. அந்த உடையை வெட்டுகிற உரிமை நேற்று வரை உங்களுக்கு இல்லை, இன்றைக்கு இருக்கிறது. பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதம் 6:20ஐ நம் தமிழ் வேதாகமத்தில் எடுத்துப் பாருங்கள், "கிரயத்துக்குக் கொள்ளப்பட்டீர்களே" என்று இருக்கும். கிரயப் பத்திரத்தில் இருக்கிற அதே கிரயம். இங்கே நீங்கள் வாங்குகிறவர் இல்லை, நீங்கள்தான் நிலம். கைமாறியாகிவிட்டது, முள் இன்னும் நிற்கிறது. உங்கள் ஒரு வருஷத்து அனுபவம் இதுதான்.

சபைப் பாஷையில் பத்திரம் முடிவதற்கு நீதிமானாக்கப்படுதல் என்றும், முள் வெட்டுவதற்குப் பரிசுத்தமாகுதல் என்றும் பெயர். விசுவாசிக்கிறவன் ஒரே நேரத்தில் நீதிமானும் பாவியுமாக இருக்கிறான் என்று, புராட்டஸ்டண்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூத்தர் சொன்னது இதைத்தான். கத்தோலிக்க நண்பர்கள் இதை இப்படிப் பிரித்துச் சொல்ல மாட்டார்கள். கடவுள் ஒருவனை நீதிமான் என்று சொல்லும்போதே உள்ளேயும் புதிதாக்குகிறார், இரண்டும் ஒன்று என்பார்கள், 1547இல் அவர்களுடைய திரெந்து பொதுச்சங்கம் அப்படித்தான் தீர்மானித்தது. அப்புறம் 1999இல் லூத்தரன் சபைகளும் கத்தோலிக்கத் திருச்சபையும் உட்கார்ந்து பேசி, நீதிமானாவது எங்கள் செயலால் வருவதில்லை, கிருபையால் வருகிறது என்பதில் நாங்கள் ஒன்றுதான் என்று கையெழுத்தும் போட்டார்கள். உங்களுக்கு இப்போது அந்த வழக்கு வேண்டாம்.

கொரிந்து சபையைப் பாருங்கள், மனசுக்கு ஆறுதலாக இருக்கும். விசுவாசி விசுவாசி மேல் கோர்ட்டில் வழக்குப் போட்ட சபை. தகப்பன் மனைவியை ஒருவன் வைத்திருந்ததைச் சகித்துக்கொண்ட சபை. திருவிருந்துக்கு வந்த இடத்தில் வசதிக்காரன் தின்று குடித்து வெறித்திருக்க, இல்லாதவன் பசியோடு பார்த்துக்கொண்டு நின்ற சபை. அவர்களுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்த பவுல் முதல் வரியிலேயே பரிசுத்தவான்கள் என்று கூப்பிடுகிறார். கிண்டல் இல்லை. கூப்பிட்டுவிட்டு, பிறகு பதினாறு அதிகாரத்துக்கு ஏசுகிறார். வரிசையைக் கவனியுங்கள்: முதலில் பெயர், பிறகு ஏச்சு. நீங்கள் திருந்தினால் உங்களைப் பரிசுத்தவான்கள் என்பேன் என்று அவர் பேரம் பேசவில்லை.

ரோமருக்கு எழுதும்போது புத்திரசுவிகாரம் என்ற சொல்லைப் பிடிக்கிறார். பழைய வார்த்தை, தத்து எடுப்பது என்று அர்த்தம். நமக்குத் தத்து என்றால் தொட்டில் குழந்தை ஞாபகம் வரும். ரோமாபுரியில் அப்படி இல்லை, வளர்ந்த ஆளைத் தத்தெடுப்பார்கள். ரோமப் பேரரசர் அகுஸ்து ராயன் கி.பி. 4இல் திபேரியுவைத் தத்தெடுத்தபோது திபேரியுவுக்கு 44 வயது. லூக்கா 3ஆம் அதிகாரத் தொடக்கத்தில் வருகிற அதே திபேரியு ராயன்தான். 44 வயது ஆளுக்குச் சட்டப்படி தகப்பன் மாறினார், பெயர் மாறியது, வாரிசு உரிமை வந்தது, எல்லாம் ஒரே நாளில். சுபாவம் மாறியதா? அவரைப் பற்றி எழுதியவர்கள் யாரும் அப்படிச் சொல்லவில்லை! ஆனாலும் சிங்காசனம் அவருக்குத்தான் வந்தது. இந்த உலகத்தில் வாழ்ந்தவர் பவுல், அவர் சொல்கிற சுவிகாரம் அவருடைய வாசகர்களுக்கு உடனே புரிந்திருக்கும்.

என் கதை ஒன்று. எனக்கும் முன்கோபம் உண்டு, உங்களுக்கு எவ்வளவோ அதைவிடக் கூட. நாற்பது வயது இருக்கும்போது ஒரு சபைக் கூட்டத்தில் கணக்கு விஷயமாகப் பேச்சு முற்றி, என்னைவிட இருபது வயது மூத்த ஒருவரை எல்லார் முன்னாலும் வாய்க்கு வந்தபடி பேசிவிட்டேன். கணக்கில் நான் சொன்னதுதான் சரி என்று பின்னால் தெரிந்தது, அது இன்னும் மோசம், மன்னிப்புக் கேட்கக்கூட மனசு வராது பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரி, "காலைல இராப்போஜனம் வாங்குன வாயா இது?" என்று ஒரே கேள்விதான் கேட்டாள். அடுத்த இரண்டு மாதம் நான் இராப்போஜனப் பந்திக்கு எழுந்து போகவில்லை. நான் வெறும் பெயர்க் கிறிஸ்தவன், இத்தனை நாள் வேஷம் போட்டிருக்கிறேன் என்று தோன்றிவிட்டது. அப்போது எங்கள் வட்டாரச் சபைகளுக்கு இருந்த ஒரு வயதான ஐயர் (எங்கள் பக்கத்தில் குருவானவரை அப்படித்தான் சொல்வோம்), இப்போது இல்லை, சாயங்காலம் வீட்டுக்கு வந்து திண்ணையில் உட்கார்ந்து கருப்பட்டிக் காப்பி குடித்துக்கொண்டே சொன்னார்: "ஏ வாத்தியாரே, கூலிக்காரன் தப்பு செஞ்சா சம்பளத்த பிடிச்சிருவாங்கன்னு பயப்படுவான். பிள்ளை தப்பு செஞ்சா அப்பா மூஞ்சிய எப்படிப் பாக்கன்னு வெக்கப்படும். ஒமக்கு இப்ப பயமா இருக்கா, வெக்கமா இருக்கா?" வெட்கமாகத்தான் இருக்கிறது என்றேன். "அப்ப பிள்ளைதான். எந்திச்சி வாரும்" என்றார். அவ்வளவுதான். மறுநாள் அந்தப் பெரியவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். கோபம் இன்றைக்கும் போகவில்லை தம்பி, ஆனால் முன்பு மூன்று மாதம் வைத்திருப்பேன், இப்போது மூன்று மணி நேரத்தில் வெட்கம் வந்துவிடுகிறது. ரோமர் 8:15 பயப்படுகிற அடிமைத்தனத்தையும் அப்பா என்று கூப்பிடுகிற பிள்ளைத்தனத்தையும் ஏன் எதிரெதிரே வைக்கிறது என்று எனக்கு அந்தத் திண்ணையில்தான் புரிந்தது.

உங்களைக் குழப்புவது பாதி உங்கள் கோபம், மீதி நம் கூட்டங்களில் சொல்லப்படும் சாட்சிகள் என்று நினைக்கிறேன். கன்வென்ஷன் மேடையில் ஏறுகிறவர் முன்னே குடித்தேன், அடித்தேன், தற்கொலைக்குப் போனேன், ஒரே ராத்திரியில் எல்லாம் போய்விட்டது என்பார். நிஜமாகவே அப்படி விடுதலை ஆனவர்களை எனக்குத் தெரியும், குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்த அச்சில் வராதவன் எல்லாம் போலி என்று பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பையன் நினைத்துவிடுகிறான். (சிலருடைய சாட்சியில் வருஷா வருஷம் குடித்த அளவு கூடிக்கொண்டே போவதையும் கவனித்திருக்கிறேன். அது கிடக்கட்டும்.) விரும்புகிற நன்மையைச் செய்யாமல் விரும்பாத தீமையையே செய்கிறேன் என்று ரோமர் 7இல் புலம்புவது பவுல். விசுவாசத்துக்கு வந்தபிறகு உள்ள நிலையைச் சொல்கிறாரா, முந்தினதைச் சொல்கிறாரா என்று படித்தவர்களுக்குள் இன்னும் வழக்கு உண்டு. எப்படியானாலும், முள் வெட்டிப் பழகிய ஒருவர்தான் அப்படி எழுத முடியும்.

பெயர் விஷயத்துக்கு வருகிறேன். மாற்றச் சொல்கிறவர், சவுல் பவுலாக மாறினாரே என்று கட்டாயம் சொல்லியிருப்பார். அப்போஸ்தலர் 13:9 எடுத்துக் காட்டுங்கள். "பவுல் என்று சொல்லப்பட்ட சவுல்" என்ற பொருளில் போகிற போக்கில் வருகிறது, அதுவும் சீப்புரு (சைப்ரஸ்) தீவில், தமஸ்கு வழியில் ஒளியைக் கண்டு மனம் மாறி வருஷக்கணக்கு ஆன பிறகு. யூதர் நடுவில் சவுல், ரோமர் நடுவில் பவுல், இரண்டும் அவர் பெயர்தான், ஞானஸ்நானத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இன்னும் கேளுங்கள், பவுலின் கடிதங்களில் வருகிற விசுவாசிகள் பெயர்களை. அப்பொல்லோ என்ற பெயரில் அப்பொல்லோ தேவன் இருக்கிறார். பெபேயாள் என்பது கிரேக்கப் பெண் தெய்வங்களோடு சேர்ந்த பெயர். எப்பாப்பிரோதீத்து என்ற பெயருக்குள் அப்ரோதித்தே தேவி உட்கார்ந்திருக்கிறாள். இவர்கள் எல்லாரையும் பவுல் அந்தந்தப் பெயராலேயே சகோதரன், சகோதரி என்கிறார், ஒருவரிடமும் மாற்றச் சொன்னதாக ஒரு வரி இல்லை.

நம் ஊருக்கே வாருங்கள். கிறிஸ்தவக் கவிஞர் எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை பாளையங்கோட்டைப் பக்கத்து ரெட்டியார்பட்டிக்காரர், வைணவ வேளாளர் வீடு, கம்பனில் ஊறியவர். 1858இல் சென்னையில் ஞானஸ்நானம் எடுத்தார். ஹென்றி ஆல்பிரடு என்ற புதுப்பெயர் இரண்டு எழுத்தாகி முன்னால் போய் நின்றுகொண்டது, கிருஷ்ணபிள்ளை 1900இல் சாகிறவரைக்கும் கிருஷ்ணபிள்ளைதான். ஆழ்வார்கள் பெருமாளைப் பாடின அதே உருக்கத்தில் கிறிஸ்துவைப் பாடினார். பழைய தமிழை அவர் தூக்கி எறியவில்லை, அதுவும் சேர்ந்து கைமாறியது. மறுபக்கம் கிளாரிந்தாவைப் பாருங்கள். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பிராமண விதவை, ஆங்கிலேய அதிகாரி ஒருவரோடு பாளையங்கோட்டைக்கு வந்தவர். அந்த வாழ்க்கையைக் காரணம் காட்டி மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் முதலில் ஞானஸ்நானம் தர மறுத்துவிட்டு, அதிகாரி இறந்த பிறகு 1778இல் கொடுத்தார். அந்த அம்மா 1785இல் கட்டின கோவில் இன்னும் இருக்கிறது. புதுப்பெயர் கிளாரிந்தா, ஊர் வைத்த பெயரோ பாப்பாத்தியம்மாள் கோவில்! நீங்கள் என்ன பெயர் வைத்துக்கொண்டாலும் தெரு தனக்குத் தோன்றியதைத்தான் கூப்பிடும். அந்தியோகியாவில் சீஷர்களுக்குக் கிறிஸ்தவர்கள் என்ற பெயர் வந்த விதமும் நம் தாத்தாமாருக்கு வேதக்காரர் என்ற பெயர் வந்த விதமும் அப்படித்தான்.

பெயர் மாற்றிக்கொள்வது தப்பு என்று சொல்லவில்லை. முதலூர் இருக்கிறதே, 1799இல் ஊரில் இருக்க விடாமல் விரட்டப்பட்ட விசுவாசிகளுக்காக தாவீது சுந்தரானந்தம் உண்டாக்கிய ஊர், ஊருக்கே புதுப்பெயர். (இப்போது பாதிப் பேருக்கு முதலூர் என்றால் மஸ்கோத் அல்வா மட்டும்தான் தெரியும்.) மெய்ஞ்ஞானபுரம், சுவிசேஷபுரம், கடாட்சபுரம் என்று தேரிக்காட்டு ஓரத்தில் வரிசையாக ஊர்கள் எழும்பின. அடித்து விரட்டப்பட்டவர்களுக்கு நிற்க ஒரு இடம் தேவைப்பட்டது, அந்த இடத்துக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது. அந்தத் தேவை உங்களுக்கு இருந்தால் மாற்றுங்கள். இல்லாவிட்டால் விடுங்கள். உங்கள் பெயரைக் கேட்டு ஒருவர் முகம் சுளித்தால், அது அவர் ஜெபிக்க வேண்டிய விஷயம்.

இனி அந்த "யாரு வீடு" கேள்வி. இதில் நான் உங்களுக்கு இனிப்பாகப் பேசப் போவதில்லை. 5:17ஐக் காலண்டரில் போடுகிறோம், அதற்கு முந்தின வசனத்தை யாரும் போடுவதில்லை. 5:16: "ஆகையால், இதுமுதற்கொண்டு, நாங்கள் ஒருவனையும் மாம்சத்தின்படி அறியோம்." ஒருவனைப் பிறப்பாலும் வெளித்தோற்றத்தாலும் அளக்கிற பழக்கத்தை விட்டுவிட்டோம் என்கிறார். அதைச் சொல்லிவிட்டுத்தான் "இப்படியிருக்க" என்று புதுச்சிருஷ்டிக்கு வருகிறார். அப்படியானால் அந்த வசனம் முதலில் சோதிப்பது உங்கள் முன்கோபத்தை இல்லை, "யாரு வீடு?" என்று கேட்கிறவர் கண்ணை.

வள்ளியூருக்குத் தெற்கே வடக்கன்குளம் இருக்கிறது. 1745இல் திருவிதாங்கூர் அதிகாரி நீலகண்ட பிள்ளை அங்கேதான் ஞானஸ்நானம் பெற்று தேவசகாயம் ஆனார். லாசரு என்ற பெயரின் தமிழ், கடவுளின் உதவி என்று பொருள். மேல் கீழ் பாராமல் எல்லாரோடும் பழகினார் என்பதும் அவர்மேல் இருந்த கோபத்துக்கு ஒரு காரணம், 1752இல் ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். 2022 மே மாதம் ரோமில் புனிதர் பட்டம் கொடுத்தபோது நம் ஊரே டிவி முன்னால் உட்கார்ந்திருந்தது. சரி. அதே வடக்கன்குளத்தில், அவர் இறந்து நூறு வருஷத்துக்குப் பிறகு கட்டின கோவில் எப்படி இருந்தது தெரியுமா? பீடத்தில் சேருகிற இரண்டு கூடங்கள், நடுவே சுவர், இந்தச் சாதி இந்தப் பக்கம், அந்தச் சாதி அந்தப் பக்கம். பார்வைக்குக் கால்சட்டை மாதிரி இருந்ததால் கால்சட்டைக் கோவில் என்றே பெயர். 1910இல் சுவரை இடித்தார்கள். இடித்ததை எதிர்த்து உயர் சாதிக்காரர்கள் சென்னை உயர் நீதிமன்றம் வரைக்கும் போனார்கள், கிறிஸ்தவக் கோவிலுக்குள் சாதிக்குத் தனியுரிமை கேட்க முடியாது என்று தோற்றும் போனார்கள். கத்தோலிக்கரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை, எங்கள் புராட்டஸ்டண்ட் பக்கத்தில் சுவர் செங்கலில் இல்லை, கல்யாணத் தரகர் நோட்டில் இருக்கிறது, சபைத் தேர்தலில் இருக்கிறது, கல்லறைத் தோட்டத்தில்கூட இருந்த இடங்கள் உண்டு. வேடிக்கை என்னவென்றால், கிறிஸ்தவராகிற ஆதிதிராவிடரை அரசாங்கம் பட்டியல் சாதிக் கணக்கிலிருந்து எடுத்துப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் போட்டுவிடும், காகிதத்தில் எல்லாம் மாறிவிடும், தெருவில் ஒன்றும் மாறியிருக்காது.

இதைக் கேட்டு மனம் விட்டுவிட வேண்டாம். 1780இல் பாளையங்கோட்டைச் சபைப் பதிவேட்டில் மொத்தம் 40 பேர். கிளாரிந்தா பெயரோடு பல சாதிக்காரர் பெயரும் ஒரே நோட்டில், ஒன்றன் கீழ் ஒன்றாக இருக்கிறது. அந்தக் காலத்தில் இவர்கள் பெயர் எல்லாம் ஒரே பட்டியலில் வர வேறு எந்தக் காரணமும் இருந்திருக்க முடியாது. அதுதான் நம் தொடக்கம். சுவர் பிறகு வந்தது. அடுத்த முறை "யாரு வீடு?" என்று கேட்டால், பாளையங்கோட்டையில் குடியிருக்கிறேன், இந்தச் சபைக்கு வருகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டுச் சும்மா இருங்கள். அந்தச் சும்மா இருப்பதிலேயே கேட்டவருக்குப் பதில் போய்ச் சேரும்.

இன்னொரு பக்கத்திலிருந்தும் இந்த அடையாளத்தைக் கெடுக்கிறவர்கள் உண்டு, அதையும் தொட்டுவிடுகிறேன். நீ ராஜாவின் பிள்ளை, உனக்குக் கடன் வராது, வியாதி வராது, வந்தால் உன் விசுவாசம் சரியில்லை என்பவர்கள். டோனாவூருக்கு ஒருநாள் போய்வாருங்கள். 1901இலிருந்து அங்கே பிள்ளைகளை வளர்த்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931இல் விழுந்து அடிபட்டார், அதற்குப் பிறகு 1951இல் இறக்கும் வரை இருபது வருஷம் பெரும்பாலும் படுக்கைதான். அவருக்கு விசுவாசம் குறைவு என்று சொல்லப் போகிறார்களா? கல்லறையில் பெயர்க்கல் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பறவை தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி, அதில் பிள்ளைகள் அவரைக் கூப்பிட்ட பெயர். அவ்வளவுதான் இருக்கிறது.

கடைசியாக அம்மா. நீங்கள் எழுதியதில் எனக்கு உறுத்தியது இதுதான், மற்றதெல்லாம் பேசித் தீர்க்கலாம். அம்மா கோபத்தில் கேட்டாலும் நியாயமான கேள்விதான் கேட்டிருக்கிறார். தேவனுடைய பிள்ளை என்று நீங்கள் சொன்னது அவர் காதில், இனி நான் உன் பிள்ளை இல்லை என்று விழுந்திருக்கிறது. அதைச் சரிசெய்ய வேண்டியது நீங்கள், அவர் இல்லை. மாற்கு 7இல் இயேசு யாரைத் திட்டுகிறார் என்று படியுங்கள். தாய் தகப்பனுக்குக் கொடுக்க வேண்டியதை கொர்பான், தேவனுக்குக் காணிக்கை என்று சொல்லித் தப்பித்துக்கொண்டவர்களை. சிலுவையில் தொங்கும்போதும் தன் தாயை யோவான் கையில் ஒப்படைத்துவிட்டுத்தான் செத்தார். அதனால் மாதா மாதம் அனுப்புகிற பணத்தை நிறுத்தாதீர்கள், நிறுத்தியிருந்தால் இந்த மாதமே தொடங்குங்கள். தீபாவளிக்கு ஊருக்குப் போங்கள், அம்மா கையால் சாப்பிடுங்கள். ஊர்க் கோவில் கொடைத் திருவிழாவுக்கு வரி கேட்டால் என்ன செய்ய என்று கேட்டிருந்தீர்கள். ஊர்ப் பொதுக் காரியத்துக்கு, கிணறு தூர் வாரவோ ரோடு போடவோ, தாராளமாகக் கொடுங்கள், பூசைக்கு என்றால் மரியாதையாக, மன்னியுங்கள் என்று சொல்லுங்கள், அதற்காக ஊரில் சண்டை இழுக்க வேண்டாம். வீட்டில் படங்களைக் கழற்றச் சொல்லி அம்மாவிடம் தயவுசெய்து வாயே திறக்காதீர்கள். அது அவர் வீடு.

இன்னொன்று. இந்த வாரம் நேரம் கிடைத்தால் உங்கள் சபை ஆபீஸுக்குப் போய், நீங்கள் ஞானஸ்நானம் எடுத்த அன்றைக்கு எழுதிய பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள். உங்கள் பெயர் இருக்கும், தேதி இருக்கும், கொடுத்த ஐயர் கையெழுத்து இருக்கும். பக்கத்தில் பெற்றோர் பெயர் என்று ஒரு கட்டம் உண்டு. அதில் உங்கள் அம்மா பெயரை எழுதியிருப்பார்கள். எழுதாமல் விட்டிருந்தால் அங்கேயே நின்று எழுதச் சொல்லுங்கள், பிறகு ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு ஊருக்குப் பஸ் ஏறுங்கள்.